அரசாணை வந்துவிட்டதா: ஓய்வுக்குப் பிறகு ஒரு செய்தித் தொகுப்பு

கும்பகோணத்தில் கருவூலத் துறையில் பணியாற்றி, 2022 ஜூன் மாதக் கடைசி நாளில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். 2020 ஜூனிலேயே 58 வயது முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன் நான். அவ்வாண்டு மே மாதத்தில் ஓய்வு வயது 59 ஆக உயர்ந்தது, மறு ஆண்டு பிப்ரவரியில் 60 ஆனது, ஆக இரண்டு முறை என் பிரிவு உபசாரம் தள்ளிப் போயிற்று. இரண்டு முறையும் தொலைக்காட்சியில் செய்தி ஓடிய உடனே அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். அரசாணையின் நகலைக் கண்ணால் பார்க்கும்வரை நான் யாருடைய வாழ்த்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. கருவூலத்தில் ஊறியவனின் புத்தி அப்படி. ஆணை எண்ணும் நாளும் இல்லாமல் பணம் கேட்டு வரும் பட்டியலைக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியே பழகிய கை இது.

அந்தப் புத்தியை மட்டுமே மூலதனமாக வைத்து, முதியவர்களுக்கான நாளாந்தச் செய்தித் தொகுப்பு ஒன்றை 2024 ஜனவரியில் வாட்ஸ்அப்பில் தொடங்கினேன். என்ன செய்தேன், எங்கே தவறினேன், எப்படித் திருத்திக்கொண்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். தம் ஊரில் இப்படி ஒன்றைத் தொடங்க எண்ணுகிறவர்களுக்கு ஆறு மாத அலைச்சலாவது மிச்சமாகும்.

ஓய்வு பெற்ற பிறகு காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடப்பது வழக்கம். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே கைப்பேசியை நீட்டி, "சார், இது நிஜமா?" என்று கேட்பார்கள். அநேகமாக மூன்று செய்திகள்தாம் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, 65 வயதிலிருந்தே ஓய்வூதியம் கூடுகிறது என்பது. இரண்டாவது, ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை திரும்ப வந்துவிட்டது என்பது. மூன்றாவது, தாம் உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்று கொடுக்காதவர்களுக்கு இம்மாதம் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பது. மூன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கும், அதனால்தான் தொல்லை. கூடுதல் ஓய்வூதியம் 80 வயது நிறைந்தால் 20 விழுக்காடு, 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறில் முழு மடங்கு என்பது நடைமுறையில் உள்ள விதி. 65 வயதில் 5, 70இல் 10, 75இல் 15 என்று கொடுக்கலாம் என நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரைதான் ஆணையின் வேடம் போட்டுக்கொண்டு ஆண்டுக்கு இருமுறை ஊர்வலம் வருகிறது. இதே விளக்கத்தை ஒரு காலையில் நான்கு பேரிடம் சொன்ன அன்று, ஒரே முறை எழுதி எல்லோருக்கும் அனுப்பினால் என்ன என்று தோன்றியது.

முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்தேன். அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒன்பதாம் நாள் உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் காலமானார். "ஆழ்ந்த இரங்கல்", "ஓம் சாந்தி" என்று வந்த நாற்பதுக்கும் மேற்பட்ட செய்திகளுக்குக் கீழே அன்றைய தொகுப்பு புதைந்து போயிற்று. இரங்கல் சொல்வதை யாரால் தடுக்க முடியும்? நிர்வாகி மட்டுமே அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றினேன். ஆனாலும் குழுவில் உள்ள எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவருக்கு, குழுவிலிருந்து எண்ணை எடுத்த யாரோ ஒருவர் காப்பீடு விற்க நாள்தோறும் அழைக்கத் தொடங்கிவிட்டார். குழுவைக் கலைத்தேன்.

வாட்ஸ்அப் சேனல் ஒன்றையும் தொடங்கிப் பார்த்தேன். அதில் எண்கள் வெளியே தெரியாது என்பது நல்லதுதான். ஆனால் பெறுகிறவர் எழுத்தில் பதில் போட முடியாது. என் வாசகர்களில் பெரும்பாலோர் செய்திக்காக மட்டும் வருகிறவர்கள் அல்லர், பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறான் என்பதற்காகவும் வருகிறார்கள். ஆகவே பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறினேன். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போய்ச் சேரும், பதில் எனக்கு மட்டும் வரும்.

இதில் ஒரு கண்ணி இருந்தது. முதல் வாரம் பாதிப் பேருக்கு மேல் எதுவுமே போய்ச் சேரவில்லை. செய்திக்கு எதிரே ஒற்றை டிக் மட்டும் நின்றது. அவர்களுடைய கைப்பேசி கெட்டுவிட்டதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் வேறு: பெறுகிறவர் தம் கைப்பேசியில் என் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால்தான் பிராட்காஸ்ட் செய்தி அவரை அடையும். அழைத்து, எண்ணைச் சேமியுங்கள் என்றால், "அதெல்லாம் பேரன் வந்தால்தான்" என்றார்கள். பேரன்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். ஒரு வாரம் சைக்கிளில் வீடு வீடாகப் போய் நானே சேமித்துக் கொடுத்தேன். போன இடத்தில் கைப்பேசியின் எழுத்தளவையும் பெரிதாக்கினேன். இந்தப் பணியில் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் பிழை எங்கெல்லாம் நேரும் என்பதை அந்தத் திண்ணைகளில்தான் பார்த்தேன்.

உதாரணத்துக்கு ஒன்று. தொடக்கத்தில் தொகுப்பை அழகான படமாகச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன், மேலே கோபுரம், கீழே மாவிலைத் தோரணம். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தபோது, பெரியவர் ஒருவர் படத்தை இரண்டு விரலால் விரித்து, ஒரு வரியைப் படிக்க வலப்புறம் தள்ளி, அடுத்த வரிக்காக மறுபடி இடப்புறம் இழுத்து, நடுவில் விரல் பட்டுப் படம் மூடிக்கொண்டு, பெருமூச்சோடு கைப்பேசியைக் கீழே வைத்தார். எழுத்தாகவே அனுப்பியிருந்தால் எழுத்தளவைப் பெரிதாக்கினாலே போதும், வரி தானாக மடங்கும். கண் தெரியாதவர்களுக்குக் கைப்பேசியே வாசித்தும் காட்டும். மறுநாளோடு கோபுரமும் தோரணமும் போயின.

எழுத்தாக அனுப்புவது என்று முடிவானதும் தட்டச்சுப் பிரச்சினை முன்னால் வந்து நின்றது. தமிழ்த் தட்டச்சில் உயர்நிலை தேறியவன் நான். அலுவலகக் கணினியில் வானவில் எழுத்துருவில் பழைய தட்டச்சுப் பலகை முறையிலேயே அடித்துவந்தேன். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் கிறுக்கலாகத் தெரியும் என்பதால், எந்தக் கைப்பேசியிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற வேண்டியிருந்தது. என்எச்எம் ரைட்டர் மென்பொருளில் பழைய தட்டச்சுப் பலகையிலேயே யூனிகோடில் அடிக்க வழி இருக்கிறது. 60 வயதுக்கு மேல் விரலுக்குப் புதுப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைக் கற்பது மேல்.

அரசின் வெளியீடுகளைப் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வேறொரு வேடிக்கை நடக்கும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் தம் எழுத்தை விட்டு விலகி, "கொடுக்க" என்பது "ெகாடுக்க" என்று வந்து விழும். திருத்த உட்கார்ந்தால் புதிதாக அடிப்பதைவிட நேரம் ஆகும். ஆகவே ஒட்டுவதை நிறுத்திவிட்டேன், படித்து முடித்து மூடிவிட்டு, என் சொற்களில் எழுதுகிறேன். இதனால் வேறொரு சிக்கலும் தானாகவே தீர்ந்தது. செய்தியில் உள்ள தகவல் எவருடைய சொத்தும் அன்று. அதைச் சொன்ன வாசகத்துக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் காப்பு உண்டு. நாளிதழின் பக்கங்களை அப்படியே பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லிப் பலர் கேட்டார்கள், கேட்கிறார்கள். பலர் உழைத்துத் தயாரித்துச் சந்தாவுக்கு விற்பதை இலவசமாக விநியோகிக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் மாதம் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 முதல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கு முன் 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் கட்டணக் குறைப்பு இருந்தது. தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலுமாவது அதை மீண்டும் தருவது பற்றி ஆலோசிக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்திருந்தது. அதைப் பற்றிய செய்தி ஒன்றை நான்கு வரியாகச் சுருக்கியபோது, இடம் மிச்சம் பிடிக்க எண்ணி, தலைப்பில் "மூத்த குடிமக்களுக்கு மீண்டும் ரயில் சலுகை: குழு" என்று போட்டுவிட்டேன். அந்த "குழு" என்ற சொல்லை ஒருவரும் படிக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ரயில் நிலைய முன்பதிவுச் சாளரத்திலிருந்து அழைத்தார். "இங்கே அப்படி எதுவும் இல்லை என்கிறார்களே, தம்பி. நீங்கள்தானே எழுதினீர்கள்?" வெயிலில் ஆட்டோவுக்குக் கொடுத்துப் போயிருக்கிறார். ஆணை எண் இல்லாத பட்டியலைத் திருப்பி அனுப்பியே வாழ்ந்தவன், ஆணை இல்லாத செய்தியை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் தொகுப்பின் முதல் செய்தியாகத் திருத்தத்தையே வைத்தேன். அதோடு ஒரு முறையையும் கொண்டுவந்தேன். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரே சொல்லில் எழுதுவது: கோரிக்கை, பரிந்துரை, அறிவிப்பு, ஆணை, நடைமுறை. சங்கம் கேட்டால் கோரிக்கை. குழு சொன்னால் பரிந்துரை. அமைச்சர் பேசினால் அறிவிப்பு. எண்ணும் நாளும் இட்டு வெளிவந்தால் ஆணை. சாளரத்தில் போய் நின்றால் கிடைக்கும் என்றால்தான் நடைமுறை. கருவூலத்தில் எந்தக் கோப்பும் இந்தப் படிகளில்தான் ஏறி வரும். பல கோப்புகள் மூன்றாம் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். நிலையைக் குறிக்க முடியாத செய்தியை அன்று எடுப்பதில்லை.

இம்முறையில் ஒரே செய்தி பல முறை வரும், ஒவ்வொரு முறையும் சொல் மாறும். வங்கி வட்டி மீதான வரிப் பிடித்தம் பற்றி 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் எழுதியபோது முன்னால் "அறிவிப்பு" என்று இருந்தது. ஏப்ரலில் அது இப்படி ஆயிற்று:

"நடைமுறை. யாருக்கு: வங்கியில் வைப்புத்தொகை உள்ள, 60 வயது நிறைந்தவர்களுக்கு. ஒரு நிதியாண்டில் ஒரு வங்கியில் வரும் வட்டி 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இனி முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். இதற்கு முன் இந்த வரம்பு 50,000 ரூபாய். வரி பிடிக்கவில்லை என்பதற்காக வரியே இல்லை என்று பொருள் இல்லை. நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: ஒன்றும் இல்லை."

கடைசி வரிக்குத்தான் மதிப்பு அதிகம். செய்தியைப் படித்ததும் தாம் எதையோ செய்யத் தவறிவிட்டோம் என்ற பதற்றம் முதியவர்களுக்கு வருகிறது. மோசடிக்காரர்கள் கை வைப்பதும் அந்தப் பதற்றத்தில்தான். "யாருக்கு" என்ற வரியும் அதே காரணத்துக்காக வந்தது. வாழ்நாள் சான்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் மாதம், அவர்களில் 80 வயது கடந்தவர்களுக்கு அக்டோபர் 1 முதலே வாய்ப்பு உண்டு. வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். மாநில அரசு ஓய்வூதியர் இதையே நேர்காணல் என்பார்கள், அதன் கணக்கு இவை இரண்டிலும் சேராது. ஒரே தெருவில் மூன்று வகையினரும் இருக்கிறார்கள். "நவம்பருக்குள் கொடுங்கள்" என்று பொதுவாகப் போட்டால் மூன்று வீட்டிலும் கலவரம்.

குரல் பதிவு இந்தத் தொகுப்பில் சேர்ந்ததற்கு என் அத்தை காரணம். 84 வயது. இரண்டு கண்ணிலும் புரை, அறுவைக்கு அஞ்சித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். தமக்கும் செய்தி வேண்டும் என்றார். ஐந்து நிமிடப் பதிவாகப் படித்து அனுப்பத் தொடங்கினேன். முதல் சில நாட்கள் எழுதியதை வரிசையாகப் படித்தேன், யார் மனதிலும் நிற்கவில்லை. பிறகு, சரோஜ் நாராயண்சுவாமி போன்றவர்களின் குரலில் ஆகாசவாணிச் செய்தி கேட்டு வளர்ந்த தலைமுறை இது என்பது நினைவுக்கு வந்தது. அங்கே முதலில் தலைப்புச் செய்திகள், பிறகு விரிவு, முடிவில் மீண்டும் தலைப்புச் செய்திகள். அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஏழு செய்திகள், சுமார் 450 சொற்கள், ஐந்து நிமிடம். எட்டாவது செய்தி எவ்வளவு முக்கியமானாலும் நாளைக்குத்தான். நாள் முழுவதும் ஓடும் தொலைக்காட்சிச் செய்திக்கு முடிவே இல்லை. "இத்துடன் இன்றைய தொகுப்பு நிறைவடைகிறது" என்ற வரியைக் கேட்ட பிறகுதான் காபி இறங்குகிறது என்று ஒருவர் சொன்னார்.

பதிவு செய்யும் இடம் எங்கள் வீட்டுத் துணி அலமாரிக்கு முன்னால், கதவைத் திறந்து வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு. தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிக்கொள்கின்றன. காலை ஐந்து மணி உகந்தது; மார்கழியில் மட்டும் தெருக்கோடிக் கோயிலின் ஒலிபெருக்கிக்கு முந்தி நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை அத்தை அழைத்தார். "ஏம்ப்பா, இன்னைக்கு ஏன் இப்படிப் படபடன்னு படிக்கிற? பஸ்ஸைப் புடிக்கணுமா?" பதிவை எடுத்துக் கேட்டேன், வழக்கமான வேகம்தான். மறுநாளும் அதே புகார். நேரில் போய்ப் பார்த்தால், குரல் செய்திக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானில் அவருடைய கட்டை விரல் பட்டு, வேகம் ஒன்றிலிருந்து ஒன்றரையாகி, பிறகு இரண்டாகி நின்றிருந்தது. நான் அத்தையின் வீட்டில் நாற்பது ஆண்டுகளாகச் சாப்பிட்டவன், உரிமையோடு கேட்டார். மற்றவர்கள் எத்தனை பேர் சொல்லாமலே விட்டிருப்பார்கள் என்று விசாரித்ததில் பதினொரு பேர் அகப்பட்டார்கள். ஒருவர், செய்தி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாராம். காது மந்தமானவர்களுக்கு இன்னொரு வழியும் சொல்லிக் கொடுத்தேன்: பதிவை ஓடவிட்டுக் கைப்பேசியைக் காதில் வைத்தால், அழைப்பில் கேட்பதைப் போலக் காதுக்குள்ளேயே கேட்கும்.

இணைப்புகள் பற்றிய முடிவை எனக்கு எடுத்துக் கொடுத்தவர் ஒரு வாசகர். 2024 அக்டோபர் இறுதியில் "டிஜிட்டல் கைது" மோசடி பற்றிப் பிரதமரே வானொலியில் பேசினார். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை, பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்றெல்லாம் நானும் எழுதினேன். கீழே, வழக்கம்போல, மேலும் படிக்க ஓர் இணைப்பு. ஓய்வுபெற்ற அஞ்சலக அலுவலர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது: "தொடாதே என்று சொல்லிவிட்டுத் தொடுவதற்கு ஒன்றையும் நீங்களே கொடுக்கிறீர்களே, நான் இப்போது எதைச் செய்ய?" அவர் சொன்னதில் எள்ளளவும் தவறில்லை. அன்றிலிருந்து தொகுப்பில் இணைப்பே கிடையாது. நாளிதழின் பெயர், நாள், பக்கம். அல்லது துறையின் பெயர், ஆணை எண். வேண்டியவர் தேடிக்கொள்ளலாம், அல்லது என்னைக் கேட்கலாம். மாதத்தின் முதல் நாள் ஒரு குறிப்பும் வரும்: இந்தத் தொகுப்பில் இணைப்பு இருக்காது, பணம் கேட்கப்படாது, பிறருக்கு அனுப்பச் சொல்லப்படாது, இவற்றில் ஒன்று இருந்தால் அது நான் அனுப்பியது அன்று.

பழைய தொகுப்புகளைச் சேர்த்து வைக்கப் பிளாக்கரில் இலவசப் பக்கம் ஒன்றும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுத்தளவு 20 பிக்சலுக்குக் குறையாமல் வைத்தேன். கி, கு, கூ என்று மேலும் கீழும் நீளும் எழுத்துகள் ஒன்றோடொன்று இடிக்காதபடி வரி இடைவெளியை ஒன்றேமுக்கால் மடங்காக்கினேன். இருபக்கமும் சமன்செய்து அடித்தால் தமிழின் நீண்ட சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழுகின்றன, ஆகவே இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு. புரை உள்ளவர்களுக்கு வெள்ளைப் பின்னணி கூசுகிறது என்றதால் வெளிர்மஞ்சளாக மாற்றினேன்.

எதை விரும்பிப் படிக்கிறார்கள் என்பதில் என் கணிப்பு முழுக்கப் பொய்த்தது. ஓய்வூதியச் செய்திக்குத்தான் முதலிடம் என்று எண்ணியிருந்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின் நிறுத்த அறிவிப்பை ஒரு நாள் விட்டுவிட்டபோதுதான் உண்மை தெரிந்தது. காலை ஒன்பதரைக்குள் பதினாறு அழைப்புகள். மேல்தொட்டியில் நீர் ஏற்ற வேண்டும், ஆக்சிஜன் கருவி ஓட வேண்டும், இன்சுலின் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. அந்த அறிவிப்பு நாளிதழில் உள்ளூர்ப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் வருவது. நான் அதை இப்போது முதல் செய்தியாகப் படிக்கிறேன். தங்கம் விலையும் கேட்கிறார்கள். வாங்கப் போகிறவர் எவரும் அவர்களில் இல்லை, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். சேர்த்துவிட்டேன்.

இவ்வாண்டு தொடக்கத்தில் எனக்கே வலக் கண்ணில் புரை அறுவை நடந்தது. அத்தைக்குத் தைரியம் சொல்லப்போய் நான் முந்திக்கொண்டேன். பத்து நாட்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எழுதிப் படித்தார். கண்ணில் மூடியோடு படுத்தபடி, கைப்பேசியைக் காதில் வைத்து, முதல் முறையாக வாசகனாக இருந்து தொகுப்பைக் கேட்டேன். குரல் என்னுடையதைவிடத் தெளிவு. ஆனால் மின்வாரியப் புகார் எண்ணை அவர் சொன்னபோது, தாளும் பேனாவும் எடுப்பதற்குள் எண் போய்விட்டது. என் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டேன், நானும் ஒன்றரை ஆண்டாக அதே வேகத்தில்தான் எண்களைச் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் புகார் சொன்னதில்லை.

இப்போது திங்கள் முதல் புதன்வரை அவர் படிக்கிறார், மற்ற நாட்களில் நான். எண் வரும் இடத்தில் "எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மூன்று விநாடி நிறுத்துகிறோம், பிறகு ஒவ்வொரு இலக்கமாக, இரண்டு முறை. மோசடிப் புகார் எண் என்றால்: ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம்.